மண்ணீரலைப் பார்க்க மாட்டை அறுக்காதீர்

திடீரென விழுந்து இறந்த மாட்டின் வயிற்றைக் கிழித்து, மண்ணீரல் வீங்கிக் கறுத்திருப்பதைக் கண்டால்தான் அடைப்பான் நோய் உறுதியாகும் என்னும் பேச்சு கால்நடை வளர்ப்போரிடையே இன்னும் ஓயவில்லை. பாதி உண்மையில் பிறந்த பேச்சு என்பதால்தான் அதற்கு இத்தனை ஆயுள். ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பானில் கிருமி இரத்தத்தில் பெருகி உடலெங்கும் பரவ, இரத்தத்தை வடிகட்டும் மண்ணீரல் அழற்சியுற்றுப் பருத்து, அறுத்தால் தார்போலக் கருங்குழம்பாக வழிகிறது என்பது மெய்தான். ஆனால் அதைச் சொல்லும் பாடநூல்களே, அடைப்பான் என்ற ஐயம் எழுந்தால் சடலத்தைத் திறக்கவே கூடாது என்றும் எச்சரிக்கின்றன. முதல் வரியைப் படித்தவர்கள் அடுத்த வரியை ஏன் விட்டுவிட்டார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

திறக்காத சடலத்துக்குள் ஆக்சிஜன் குறைவு. அழுகச் செய்யும் நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாமல் அடைப்பான் கிருமி சில நாட்களிலேயே பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. கத்தி பட்டுக் காற்றுப் புகுந்தாலோ, அது ஸ்போர் என்னும் தடித்த உறையுள்ள உறங்குநிலைக்கு மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். 1942இல் பிரிட்டிஷ் இராணுவம் இக்கிருமியைச் சோதித்துப் பார்த்த ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவு, 1986இல் கடல்நீரில் கலந்த ஃபார்மால்டிஹைடால் நனைக்கப்பட்ட பின், 1990இல்தான் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தீவுக்கே அந்தக் கதியென்றால், மாடு மேயும் தரிசில் வயிற்றைக் கிழிப்பவரை என்னவென்று சொல்வது? அறுப்பவரின் கைக்கீறல் வழியே கிருமி நுழைந்தால், வலியில்லாத கரும்பொருக்குப் புண் தோன்றும்.

கால்நடை மருத்துவருக்கு வேண்டியது காதுச் சிரையிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தம் மட்டுமே. அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பாலிகுரோம் மெத்திலீன் புளூ சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலக் கோல்களும் அவற்றைச் சூழ்ந்த இளஞ்சிவப்பு உறையும் தெரியும். மெக்ஃபேடியன் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் 1903இலேயே விவரித்த முறை இது. சடலம் அழுகுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

மேலும், வீங்கிய மண்ணீரல் அடைப்பானுக்கு மட்டுமே உரிய அடையாளமும் அன்று. உண்ணியால் பரவும் பேபிசியா, தைலீரியா நோய்களிலும் அது பருக்கும். வெயிலில் சில மணி நேரம் கிடந்த சடலத்தில் அது தானாகவே குழையும். இறந்த மாட்டின் மூக்கில் இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் அன்று, பாம்புக்கடிதான் என்பதும் வெறும் ஊகம். அப்படி இறந்த மாட்டின் கறியை நன்றாக வேகவைத்தால் தீங்கில்லை என்பதும், அறுக்கும் கையை மறந்த பேச்சு.

அடைப்பான் முன்பு கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதே முறை. இராணிப்பேட்டையில் தயாராகும் தடுப்பூசி, நோயுண்டாக்கும் திறன் குறைக்கப்பட்ட உயிருள்ள ஸ்போர்களால் ஆனது; ஆகவே அதைப் போடும் நாட்களை ஒட்டி ஆன்டிபயாடிக் கொடுத்தால், ஊசி பலன் தராமல் போய்விடும்.