பதிவு செய்த அறை மறுக்கப்பட்டால்

ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலைக்கு முந்தைய இரவு, இரு சிறு குழந்தைகளுடன் திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்கினோம். முன்பணம் செலுத்திப் பதிவு செய்திருந்த விடுதியில், அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறினர். 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 லட்சம் பெண்கள் கூடியதைக் கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது. அத்தகைய நாளில் வேறு அறை கிடைப்பது அரிது. உறங்கிவிட்ட இளையவளைத் தோளில் சுமந்தவாறு அலைந்து, நள்ளிரவுக்குப் பின் இருமடங்கு வாடகையில் ஓர் அறை பெற்றோம்.

அந்த இரவு எங்களுக்குக் கற்பித்த பாடம், சினத்தைவிடச் சான்றே பயன் தரும் என்பதாகும். பதிவை உறுதி செய்த குறுஞ்செய்தி, முன்பணம் சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, மாற்று அறையின் ரசீது ஆகிய மூன்றையும் பாதுகாத்தோம். அறை இல்லை என்பதை எழுத்தில் தர விடுதியினர் மறுக்கவே, நடந்ததை நேரத்துடன் குறிப்பிட்டு அங்கிருந்தே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.

புகாருக்காக மீண்டும் திருவனந்தபுரம் செல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை எனில் கட்டணம் இல்லை. அதற்கு முன், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது எளிய வழி. நாங்களும் அவ்வாறே செய்தோம். முன்பணம் எங்கள் கணக்கிற்குத் திரும்பியது.

குழந்தைகளுடன் புறப்படுமுன், செல்லும் ஊரின் திருவிழா நாள்களை அறிந்து, அறைப் பதிவை முந்தைய நாளே தொலைபேசியில் மீண்டும் உறுதி செய்துகொள்வது நலம்.