ரயில் கூரையில் பொறி பறந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகள் புத்தூரில் மெமு ரயில் ஏறித் திருப்பதிக்குப் படிக்கப் போய் வருகிறாள். போன வாரம் நல்ல மழையில் கூரைமேல் நீலமாகப் பொறி பறந்ததாம். நடுவழியில் விளக்கு, ஃபேன் எல்லாம் நின்று, பிறகு வந்ததாம். இறங்கும்போது கைப்பிடிக் கம்பியில் ‘சுருக்’கென்று ஷாக் அடித்ததாம். எனக்குத் தூக்கமே இல்லை. பஸ்ஸில் அனுப்பிவிடட்டுமா?
– க.மு., நாகலாபுரம்

பதில்: மகளை ரயிலிலேயே அனுப்புங்கள், அம்மா. நீங்கள் எழுதிய மூன்றில் இரண்டு அன்றாடம் நடப்பவை. மூன்றாவதை மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

முதலில் பொறி. தலைக்கு மேலே போகும் செம்புக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதை பான்டோகிராஃப் (கூரைமேல் நிற்கும் மடக்குச் சட்டம்) உரசிக்கொண்டே எடுக்கிறது. அதன் உச்சியில் கரிப் பட்டை இருக்கும். ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழாமலிருக்க, கம்பியை நேராகக் கட்டாமல் கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக இழுத்துக் கட்டுவார்கள். ஓட்டத்தில் பட்டை கண நேரம் கம்பியை விட்டு விலகினாலும் பொறி தெறிக்கும். ஈரத்தில் இன்னும் அதிகம். அது கூரையோடு சரி.

விளக்கு அணைந்ததற்குக் காரணம் நியூட்ரல் செக்‌ஷன் (மின்சாரம் இல்லாத சிறு கம்பித் துண்டு). ஒரு துணைமின் நிலையத்தின் மின்சாரம் அடுத்ததோடு கலந்துவிடாமல் இடையில் அதை வைத்திருக்கிறார்கள். வண்டி அதைத் தாண்டியதும் விளக்கு எரியும்.

இனி அந்த ஷாக். கூரைமேல் ஓடும் மின்சாரம் கைப்பிடிக்கு வந்திருக்காது. பெட்டியின் இரும்பு உடல் முழுவதும் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு எர்த் செய்யப்பட்டது. உயர் மின்சாரம் அதில் பட்டால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் உடனே ட்ரிப் ஆகிவிடும். வறண்ட வெயிலில், நைலான் துணி உரசலில் உடம்பில் சேரும் நிலைமின்சாரமும் கம்பியைத் தொட்டதும் சுருக்கென்று அடிக்கும்; அதனால் கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அடித்தது மழையில். ஈரக்காற்றில் நிலைமின்சாரம் தங்குவது அரிது. ஆகவே விளக்கு அல்லது ஃபேன் ஒயரில் எங்கோ இன்சுலேஷன் உரிந்து கசிகிறது என்றே நான் சந்தேகப்படுவேன். எர்த் இணைப்பும் அங்கே தளர்ந்திருக்கலாம். பணிமனையில் பார்த்தால் சரிசெய்துவிடக்கூடிய கோளாறுதான். எந்தப் பெட்டி என்று தெரிந்தால்தானே பார்ப்பார்கள்? பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு 139க்குச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொல்லலாம். மறுபடி அடித்தால் அந்தக் கம்பியை யாரையும் தொடவிடாமல் விலகி நிற்கட்டும்.

மழைக்கும் மின்வண்டிக்கும் பகை பழையது. 1895இல் சென்னையில் ட்ராம் வந்தபோது மின்சாரத்தைத் தெருவுக்கடியில் காடி வெட்டிக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் அது சரிப்படாமல், கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். இன்றைக்கும் கூரையில் உள்ள பீங்கான் இன்சுலேட்டரில் தூசி படிந்திருக்கும்போது தூறல் விழுந்தால், அதன் மேற்பரப்பிலேயே மின்சாரம் பாயும். அதனால்தான் பணிமனைகளில் அதைத் துடைப்பதும், கரிப் பட்டையின் கனத்தை அளப்பதும் முறை தவறாமல் நடக்க வேண்டிய வேலைகள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. நிற்கும் சரக்கு வண்டிமேல் ஏறி செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள் கம்பியைத் தொடவே வேண்டாம். நெருங்கினாலே தாவிப் பிடித்துவிடும். இரண்டு மீட்டருக்குள் யாரும், எதுவும் போகக் கூடாது. பிளாட்பாரத்தில் நீளமான கம்பியோ ஏணியோ தூக்கி நிறுத்துவதும் அதே ஆபத்து. அறுந்து தொங்கும் கம்பியைக் கண்டால் எட்டவே நின்று தகவல் கொடுங்கள். இதை மகளிடமும் அவள் தோழிகளிடமும் ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள், அம்மா.