வாஷிங் மெஷினில் வெப்பநிலை எரரா? போர்டை மாற்றும் முன் படியுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எரர் மெசேஜ் என்றாலே ஒரு பயம். கம்ப்யூட்டரிலாவது என்ன தவறு என்று திரையில் இரண்டு வரி எழுதிக் காட்டும். வாஷிங் மெஷினில் இரண்டு எழுத்துதான். வெப்பநிலை சென்சாரிலோ ஹீட்டரிலோ கோளாறு என்றால் எல்ஜி மெஷின்கள் டிஈ என்று காட்டும். சாம்சங் மெஷின்களில் ஹீட்டர் தொடர்பான கோளாறுக்கு ஹெச்ஈ அல்லது ஹெச்சி என்று வரும். மற்ற கம்பெனிகளுக்கு வேறு எழுத்துகள். மேனுவலில் அட்டவணை இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த எழுத்துகளைப் பார்த்ததும் "போர்டு போய்விட்டது" என்று சொல்லிவிடுவது சுலபம். எங்கள் எதிர் வீட்டு அக்காவிடம் மெக்கானிக் அப்படித்தான் சொன்னார். எட்டாயிரம் ரூபாய் ஆகுமாம். பணம் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டார். அதற்கு விடை சொல்ல, மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வாஷிங் மெஷினுக்குள் இருப்பதும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். மைக்ரோகண்ட்ரோலர் என்ற ஒரே சிப்பில் பிராசஸர், மெமரி, புரோகிராம் எல்லாம் அடங்கிவிடும். இன்புட் தருவது பட்டன்களும் சென்சார்களும். அவுட்புட்டாக இயங்குபவை மோட்டார், வால்வு, ஹீட்டர். ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் டிரம்முக்கு அடியில் ஹீட்டர் இருக்கும். அதன் பக்கத்திலேயே பென்சில் முனை போல ஒரு சென்சார் நீட்டிக்கொண்டிருக்கும். இதன் பெயர் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதனால் மாறும் வோல்டேஜை சிப் ஒரு எண்ணாக மாற்றிக்கொள்கிறது. 10 பிட் கன்வெர்ட்டர் என்றால் 0 முதல் 1023 வரை ஏதோ ஒரு எண். தண்ணீர் சூடா, பச்சைத் தண்ணீரா என்பது மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இந்த எண் மட்டுமே.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சிபியு ஃபேனிலிருந்து வரும் வேகத்தைச் சொல்லும் ஒயர் அறுந்துவிட்டால், ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாலும் பயாஸ் "சிபியு ஃபேன் எரர்" என்று சொல்லும். பாவம், அதற்கு வந்த தகவல் அப்படி.

எரர் எப்போது வருகிறது?

நான் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். காரணம், புரோகிராம் பொதுவாக இரண்டு விதமாகச் சோதிக்கும். சென்சார் ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ, எண் ஒரு கோடிக்கு ஓடிவிடும். வீட்டுத் தண்ணீருக்கு அப்படி ஒரு வெப்பநிலை இருக்கவே முடியாது. எனவே மெஷின் ஆரம்பித்த சில நொடிகளிலேயே எரர் வந்துவிடலாம். இரண்டாவது சோதனை வேறு மாதிரி. ஹீட்டரை ஆன் செய்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் சூடு ஏறுகிறதா என்று புரோகிராம் காத்திருக்கும். ஏறவில்லை என்றால் எரர். சில மாடல்களில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதாவது, எந்த பார்ட் கெட்டுவிட்டது என்று மெஷின் சொல்லவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

"ஆன் பண்ணினதும் வரல தம்பி. 60 டிகிரியில போட்டா அரை மணி நேரம் கழிச்சுத்தான் வருது. பச்சைத் தண்ணியில போட்டா ஒழுங்கா ஓடுது" என்றார் அக்கா. இதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. அவர் துணி போடுவது மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் அவர் வீட்டு ஸ்டெபிலைசரில் உள்ளே வரும் வோல்டேஜ் 170. மெஷின் அந்த ஸ்டெபிலைசரில் இல்லை, அது ஏசிக்கானது.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 10 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 1344 கிலோ ஜூல் வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டருக்கு இது 11 நிமிட வேலை. 170 வோல்ட்டில் அதே ஹீட்டர் தருவது சுமார் 1090 வாட்தான், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப பவர் குறையும். 20 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். துணியும் டிரம்மும் இழுக்கும் சூடு தனி. மறுநாள் காலையில் 225 வோல்ட் இருந்தபோது அதே 60 டிகிரி வாஷ் எரர் இல்லாமல் முடிந்தது. போர்டு அப்படியே இருக்கிறது.

வோல்டேஜ் சரியாக இருந்தும் தாமதமாக எரர் வந்தால், ஹீட்டரைச் சந்தேகியுங்கள். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் ஹீட்டர் மேல் உப்பு தடிமனாகப் படிந்துவிடும். சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தங்கி, கடைசியில் ஹீட்டர் எரிந்துபோகும். கம்பெனி சொல்லும் டிஸ்கேலிங் பவுடரை அவ்வப்போது போட்டால் இதைத் தள்ளிப்போடலாம்.

ஆன் செய்ததுமே எரர் வந்தால், பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போலத்தான். தற்காலிகக் குழப்பம் என்றால் போய்விடும். திரும்ப வந்தால் ஒயரைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷின்களில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நம் ஊரில் சாதாரணம்.

மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவர்கள் மட்டும் மேலே போகலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் பின்பக்க மூடியைத் தொட வேண்டும். உள்ளே சூடான தண்ணீர் இருந்தால் ஆறட்டும். 2000 வாட் ஹீட்டரின் மின்தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. ஹீட்டர் முனைக்கும் மெஷின் பாடிக்கும் இடையே தொடர்பு இருப்பதாகக் காட்டினால், அந்த மெஷினை மறுபடி பிளக்கில் செருகாதீர்கள். ஷாக் அடிக்கும். சென்சாரைக் கழற்றி அதன் நுனியை வெந்நீரில் வைத்தால், ஓம் அளவு சீராக இறங்க வேண்டும். குதித்தாலோ, அசையாமல் நின்றாலோ சென்சார்தான் குற்றவாளி.

புது சென்சார் வாங்கும்போது மாடல் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். பிளக் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று கடைக்காரர் கொடுப்பதை மாட்டக் கூடாது. சில கிலோ ஓம் முதல் பல பத்து கிலோ ஓம் வரை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. மின்தடை அதிகமான சென்சாரை மாட்டிவிட்டால் எரர் எதுவும் வராமலேகூட மெஷின் ஓடும். ஆனால் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டிக் கொதித்தாலும், இன்னும் 40தான் என்று நினைத்து ஹீட்டரை ஆனிலேயே வைத்திருக்கும்.