முதல் வியாழன் மாலை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல் துறை

கலையை வளர்ப்பவர்கள் கலைஞர்கள் மட்டுமல்லர். அதைக் காண வருகின்ற மக்களும் வளர்க்கின்றனர். ஆனால், காண வராதவர்கள் ஏன் வருவதில்லை என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரம் இக்கேள்விக்கு 1981 ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டது. மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை மாலையில், நகரின் பழைய பகுதியிலுள்ள கலைக்கூடங்கள் ஒரே நேரத்தில் கதவுகளைத் திறந்து வைத்து, வருவோரைக் கட்டணமின்றி வரவேற்கும் வழக்கமே அது. நான் அந்நகரைக் கண்டவன் அல்லன். படித்தறிந்த செய்திகளையும், அவற்றால் என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையும் இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

எரிந்த நகரம், எழுந்த நகரம்

அப்பழைய பகுதிக்குப் பயனியர் சதுக்கம் என்று பெயர். 1853 இல் அங்கு நீராவியால் இயங்கும் மரம் அறுக்கும் ஆலை ஒன்று தோன்றியது. நகரமும் அதைச் சுற்றி வளர்ந்தது. வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் மரத்தாலானவை. 1889 ஜூன் 6 அன்று ஒரு தச்சுப் பட்டறையில் காய்ச்சிக் கொண்டிருந்த பசை தீப்பற்றியது. அத்தீ நகரின் வணிகப் பகுதி முழுவதையும் விழுங்கிவிட்டது. அதன்பின் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டடங்கள் எழுந்தன. தெருக்களையும் மேடாக்கினார்கள். ஆதலால் பழைய நடைபாதைகள் சில இன்றும் நிலத்தடியில் இருக்கின்றன.

நாளடைவில் வணிகம் வடக்கு நோக்கி நகர்ந்தது. பழைய பகுதியில் மாடிகள் காலியாயின. 1960களில் பல கட்டடங்கள் இடிபடும் நிலை வந்தபோது, பழமையைக் காக்க விரும்பியவர்கள் போராடினார்கள். 1970 இல் அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாயிற்று. உயர்ந்த கூரை, அகன்ற சன்னல், குறைந்த வாடகை ஆகிய மூன்றும் ஓர் ஓவியனுக்கு ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அங்கு அவை கிடைத்தன. ஓவியர்கள் குடியேறினார்கள், அவர்களைத் தொடர்ந்து கலைக்கூடங்களும் வந்தன.

எப்போதும் இலவசமே

இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். அருங்காட்சியகம் என்பது பொருள்களைப் பாதுகாத்துக் காட்டும் இடம். அங்கு நுழைவுச் சீட்டு இருக்கலாம். கலைக்கூடமோ ஓவியங்களை விற்கும் இடம். ஓவியம் விற்றால் விலையில் ஏறக்குறைய பாதியைக் கலைக்கூடத்தார் எடுத்துக்கொண்டு, மீதியை ஓவியருக்குத் தருவது பரவலான வழக்கம். துணிக்கடைக்குள் நுழையக் கட்டணம் உண்டா? அதுபோலவே கலைக்கூடத்திலும் எந்த நாளும் கட்டணம் இல்லை.

அப்படியானால் முதல் வியாழன் புதிதாக எதைத் தந்தது? கட்டணத்தை அது நீக்கவில்லை, தயக்கத்தை நீக்கியது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பைத் தொட்டவன் நானே முதல்வன். மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர என்னுடன் அப்பாவும் வந்தார். படிக்கட்டு வரை வந்தவர், "நீ போயிட்டு வாப்பா, எனக்கு அங்க என்ன வேலை?" என்று கூறி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. உள்ளே நாளிதழ் படிக்கக் காசு கேட்பவரும் இல்லை. இருந்தும் அவர் வரவில்லை. கதவு திறந்திருப்பது வேறு, அது நமக்காகத் திறந்திருக்கிறது என்று தோன்றுவது வேறு.

காலடித் தடங்கள்

சியாட்டில் கலைக்கூடத்தார் இந்தத் தயக்கத்தை நன்கு உணர்ந்திருக்க வேண்டும். அவர்கள் செய்தவை மிக எளியவை. முதலாவதாக, கூடங்கள் இருக்குமிடத்தைக் காட்டும் வரைபடத்தை அச்சிட்டு, வழிப்போக்கர் கையில் கொடுத்தார்கள். இரண்டாவதாக, நடைபாதையில் காலடித் தடங்களை வரைந்து வைத்தார்கள். கோகுலாஷ்டமியன்று நாம் வாசலிலிருந்து பூசையறை வரை குழந்தைப் பாதங்களை மாவால் இடுகிறோம் அல்லவா? அங்கு அழைக்கப்பட்டவர் கண்ணன். இங்கு அழைக்கப்பட்டவர் தெருவில் போகின்ற மனிதர். மூன்றாவதாக, நாளை நிலையாக வைத்தார்கள். மாதத்தின் முதல் வியாழன் என்பதை நினைவில் வைக்க அழைப்பிதழ் தேவையில்லை.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. தனியே ஒரு கூடத்துக்குள் நுழைபவரை, அங்கிருப்பவர் வாங்க வந்தவராகவே பார்ப்பார். கூட்டத்தோடு கூட்டமாகப் பத்துக் கதவுகளில் நுழைந்து வருபவரோ, பார்க்க வந்தவர். எதுவும் பேசாமல் நிற்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கதவுக்குப் போகலாம். ஓவியரே அருகில் நின்றால், "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்றும் கேட்கலாம்.

அமெரிக்காவில் இத்தகைய மாதாந்தரக் கலைநடைகளுள் சியாட்டிலின் நடையே முதலாவது எனப் போற்றப்படுகிறது. போர்ட்லாந்து நகரம் 1986 இல் தனது முதல் வியாழனையும், பிலடெல்பியா 1991 இல் தனது முதல் வெள்ளியையும் தொடங்கின.

வேதியியல் மாணவன் காண்பது

"அறிவியல் மாணவனுக்கு இதில் என்ன?" என்று நண்பர்கள் வினவலாம். சியாட்டில் வட்டாரம் கண்ணாடிக் கலைக்குப் பெயர் பெற்றது. டேல் சிகுலி என்னும் கலைஞர் 1971 இல் அந்நகருக்கு வடக்கே பில்சக் கண்ணாடிக் கலைப்பள்ளியை நிறுவுவதில் முன்னின்றார். உருகிய கண்ணாடியைக் குழாய் முனையில் எடுத்து ஊதி வடிவாக்கும் கலை அங்குச் செழித்தது.

நம் ஆய்வகத்தில் வெண்கார மணிச் சோதனை செய்கிறோம். பிளாட்டினக் கம்பி முனையில் வெண்காரத்தை உருக்கி, உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால், கோபால்ட்டு ஆழ்ந்த நீலம் தருகிறது. மாங்கனீசு ஊதா தருகிறது. கண்ணாடிக் கலைஞரின் உலையிலும் இதே கோபால்ட்டுதான் நீலம் தருகிறது. தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள் மாணிக்கச் சிவப்பைத் தருகின்றன. நாம் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கழுவி எடுக்கும் நிறத்தை, அங்கே ஒரு மனிதர் நின்று வியந்து பார்க்கிறார். கலைக்கூடம் நமக்கு அந்நியமான இடமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வளர்ச்சியின் மறுபக்கம்

நன்மையை மட்டும் கூறி முடிப்பது முறையன்று. மக்கள் திரளும் இடத்தில் உணவகம் வரும். உணவகம் வந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால், அவ்விடத்துக்கு அழகு சேர்த்த ஓவியரே வெளியேற நேரும். மென்பொருள் தொழிலால் செல்வம் பெருகிய சியாட்டிலில் இச்சிக்கல் கடுமையாக இருந்தது. இதற்கு ஒரு மாற்றாக, 2004 இல் தாசிரோ, கப்லான் என்னும் இரு பழைய கட்டடங்களை இணைத்து, வருவாய் குறைந்த கலைஞர்கள் குடியிருந்து பணியாற்ற 50 வீடுகளை ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் அமைத்தது. கீழ்த்தளத்தில் கலைக்கூடங்கள் இடம்பெற்றன. பார்ப்பவருக்குக் கதவு திறந்தால் மட்டும் போதாது, படைப்பவருக்குக் கூரையும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

சியாட்டில் தரும் பாடம் பெரும் பொருட்செலவைக் கோருவதன்று. ஒரு நிலையான நாள், ஒரு வரைபடம், சில காலடித் தடங்கள், இவையே அதன் முதலீடு. நம் கல்லூரியிலும் பருவத்துக்கு ஒரு மாலை எல்லாத் துறைகளும் ஒருசேரக் கதவுகளைத் திறக்கலாம். இயற்பியல் துறை தொலைநோக்கியை வைக்கட்டும். தாவரவியல் துறை நுண்ணோக்கியை வைக்கட்டும். வேதியியல் துறை நீல மணியைக் காட்டட்டும். வயலிலிருந்தும் தறியிலிருந்தும் கடையிலிருந்தும் வரும் பெற்றோருக்குப் பிள்ளைகளே விளக்கம் கூறட்டும். தேர்வுக் கட்டணம் செலுத்தவும் சான்றிதழ் வாங்கவும் மட்டுமே இவ்வாசலுக்கு வந்தவர்கள், ஒரு மாலையேனும் விருந்தினராக வரட்டும். நுழைவாயிலிலிருந்து ஆய்வகம் வரை தடம் வரைய ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும். அதை வரையும் பணியை மாணவர்களாகிய நாம் ஏற்போம்.