மாத்திரையும் குடல் அழற்சியும்: முன்வந்தது எது?

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டையும் சேர்த்தே நாட்பட்ட குடல் அழற்சி நோய் என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. முன்னது உணவுப்பாதையின் எப்பகுதியிலும் தோன்றிக் குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கக்கூடியது. பின்னது பெருங்குடலின் உட்சவ்வோடு நின்றுவிடுவது. இரண்டிலும் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையெனக் கொண்டு ஓயாது தாக்குகிறது. மரபுக்கூறு, குடல்வாழ் நுண்ணுயிர்களின் நிலை, புகைப்பழக்கம் போன்ற பல காரணங்கள் ஒன்றுகூடும்போதே இந்நோய் எழுகிறது என்பது இன்றைய புரிதலாக இருக்க, "இந்த மாத்திரையைச் சாப்பிட்டதால்தான் வந்தது" என்ற ஒற்றைக் காரணம் மக்களிடையே வலுவாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு நேர் எதிராக, மருந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை என்று உறுதிகூறுவோரும் உண்டு. இரண்டு நம்பிக்கைகளுமே திருத்தப்பட வேண்டியவை.

முதல் நம்பிக்கைக்குப் பெரிதும் இலக்கானது, கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின். ரோஷ் நிறுவனம் தயாரித்த இம்மருந்துக்கு அமெரிக்க அரசு 1982-இல் ஒப்புதல் அளித்தது. இதை உட்கொண்ட இளைஞர் சிலருக்குக் குடல் அழற்சி தோன்றவே, நியூஜெர்சி மாநிலத்தில் வழக்குகள் குவிந்தன. ஜூரிகள் சிலருக்குப் பெருந்தொகையை இழப்பீடாக அறிவித்தபோது, மருந்தின் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே பலரும் கருதினர். 2009-இல் நிறுவனம் அந்நாட்டில் தன் விற்பனையை நிறுத்தியது அக்கருத்தை மேலும் உறுதிப்படுத்தியது. ஆனால் அறிவியல் சான்று அத்திசையில் செல்லவில்லை. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, குடல் அழற்சி உற்றோரிடையே இம்மருந்தின் பயன்பாடு மற்றவர்களைவிட மிகுந்திருக்கவில்லை என்று கண்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில் பெருங்குடல் புண் அழற்சியோடு மட்டும் தொடர்பு தென்பட்டது. 2014-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அதுவும் காணப்படவில்லை. 2018-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், மருந்தே காரணம் என்று கூற முன்வந்த வல்லுநர்களின் ஆய்வுமுறை நம்பத்தக்கதன்று என ஒதுக்கியதால், 2,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின.

அப்படியாயின் தொடர்பு இருப்பதுபோல் தோன்றியது ஏன்? முகப்பரு கடுமையாகும் பருவமும் குடல் அழற்சி முதன்முதலில் தலைகாட்டும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. அதோடு, ஐசோட்ரெட்டினோயினை நாடுமுன் முகப்பரு நோயாளிகள் மாதக்கணக்கில் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை உட்கொண்டிருப்பர்; பிரிட்டன் நோயாளிகளைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு கிரோன் நோயோடு தொடர்புபடுத்தியது அந்த வகை மருந்துகளைத்தான். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதாலேயே ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று கொள்வதிலுள்ள இடர்ப்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

ஆன்டிபயாடிக் பற்றிய சான்று இதனினும் சிக்கலானது. டென்மார்க்கில் 2000 முதல் 2018 வரை 61 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, இம்மருந்துகளை மீண்டும் மீண்டும் உட்கொண்டோருக்குக் குடல் அழற்சி நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. குடல்வாழ் நன்னுண்ணுயிர்கள் அழிவது இதற்கு ஏற்கத்தக்க விளக்கமே. எனினும், இன்னும் கண்டறியப்படாத குடல் அழற்சியின் தொடக்க வயிற்றுப்போக்கைத் தொற்றென்று கருதி அம்மருந்துகள் தரப்பட்டிருக்கவும் கூடும். அங்கே மருந்து நோயைக் கொணரவில்லை, நோயே மருந்தைக் கொணர்ந்தது. ஆசிய பசிபிக் நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்விலோ, ஆசியரிடையே குழந்தைப்பருவ ஆன்டிபயாடிக் பயன்பாடு நோய் வாய்ப்பைக் குறைப்பதாகவே தோன்றியது.

இதனால் மருந்துகள் அனைத்தும் குற்றமற்றவை என்று ஆகிவிடாது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், குடலின் உட்சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தடுப்பதால் அச்சவ்வு நலிகிறது. அமெரிக்கச் செவிலியர் 76,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இவற்றை உட்கொண்டோருக்கு இருவகை நோயும் வரும் வாய்ப்பு மிகுந்திருந்தது. ஆயினும் அந்த மிகுதி, ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒவ்வொரு வகையிலும் ஆறேழு பேர் என்ற அளவினதே. விகிதத்தை மட்டும் கேட்டு அஞ்சுவோர் இந்த எண்ணையும் அறிந்திருப்பது நலம். இதே மாத்திரைகள் சிறுகுடலில் கிரோன் நோயை ஒத்த புண்களை உண்டாக்குவதும் உண்டு. அவை பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் ஆறிவிடும் காயங்களே அன்றி, நாட்பட்ட நோய் அல்ல. கருத்தடை மாத்திரைக்கும் கிரோன் நோய்க்கும் இடையேயும் சிறு தொடர்பு பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

மருந்தே குடல் அழற்சியைத் தூண்டும் என்பதற்கு ஐயமற்ற சான்று புற்றுநோய் மருத்துவத்தில் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்ற இபிலிமுமாப், புற்றணுக்களைத் தாக்கும் பொருட்டு நோய் எதிர்ப்பாற்றலின் கடிவாளத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த அவ்வாற்றல் சிலரிடம் பெருங்குடலையும் தாக்கிக் கடும் அழற்சியை விளைவிக்கிறது. சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கு உதவும் செகுகினுமாப், கிரோன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது பயன் தராததோடு நோயைக் கடுமையாக்கவும் செய்தது.

ஆகவே, அச்சத்தால் எந்த மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடாது. வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரை நாட வேண்டும். அவ்வேளையில், சீட்டின்றிக் கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, கடந்த ஓராண்டில் உட்கொண்ட மருந்துகள் அனைத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.