கோடையில் குழந்தைக்கு வேர்க்குருவா? பூசுவதை நிறுத்தி, காற்றுப் படவிடுங்கள்

சம்பா அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு சேர்ந்தபின் டெல்டா வயல்கள் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்கு முன்னால் அக்னி நட்சத்திரத்தைக் கடந்தாக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கைக்குழந்தைகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கிளம்புவது இந்த நாட்களில்தான்.

கடல் பக்கம் என்பதால் இங்கே காற்றில் ஈரம் அதிகம்; வியர்வை சட்டென்று காயாது. ஊறிய தோல் வியர்வைத் துளைகளை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத வியர்வை உள்ளேயே கசிந்து, குருவாகச் சிவக்கிறது. பச்சிளங்குழந்தையின் வியர்வைக் குழாய்கள் முழுதாக வளர்ந்திராததால் இன்னும் சீக்கிரம் அடைபடும். தோலைக் குளிரவைத்து உலரவிட்டால் பெரும்பாலும் சில நாளில் தானாகவே தணிந்துவிடும்.

1. வேர்க்குருதானா என்று பாருங்கள்

கழுத்து மடிப்பு, நெஞ்சு, முதுகு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பொடிப்பொடியாகச் சிவந்தோ, தெளிந்த நீர்க்குருவாகவோ இருந்தால் வேர்க்குரு. குழந்தை சிணுங்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது, வழக்கம்போல் பால் குடிக்கும். கீழே உள்ளவை வேறு:

- காய்ச்சலோடு நீர்க்கொப்புளம் புதிது புதிதாகக் கிளம்பி, தலை, வாய்வரை பரவினால் சின்னம்மை.
- காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு காதுக்குப் பின்னால் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு தட்டம்மை.
- விரலிடுக்கில் குரு, இராத்திரியில் கூடும் அரிப்பு, வீட்டில் மற்றவர்களுக்கும் அதே தொல்லை என்றால் சிரங்கு.
- தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் கிருமி சேர்ந்த புண்.
- உளுந்து அடித்த நாளிலோ வைக்கோல் ஏற்றிய நாளிலோ திடீரென்று தடித்தால் சுணையாக இருக்கலாம். களத்திலிருந்து வந்தவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

2. உடனே குளிரச் செய்யுங்கள்

சட்டையைக் கழற்றி, நிழலான அறையில் மின்விசிறிக் காற்றுப் படும்படி படுக்க வையுங்கள். கரண்ட் போனால் பனையோலை விசிறி போதும். வெதுவெதுப்புக்கும் குறைந்த சூட்டில் தண்ணீர் எடுத்துக் காலையிலும் மாலையிலும் குளிப்பாட்டுங்கள். அப்பாயியோ அம்மாயியோ காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழுத்து, தொடை மடிப்புகளை விரித்து, ஈரம் போனதைப் பார்த்த பிறகே துணி போடுங்கள். சாம்பிராணிப் புகையை விட்டுவிடுங்கள்; அது மூச்சுக்கு ஆகாது.

3. இவற்றையெல்லாம் நிறுத்துங்கள்

தேங்காயெண்ணெய், கெட்டியான கிரீம், சந்தன விழுது எல்லாம் அடைபட்ட துளையை மேலும் அடைக்கும். பயத்தமாவும் குளியல் பொடியும் சிவந்த தோலை உராய்ந்து மடிப்பில் தங்கும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகும். அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும்.

கற்பூரம் கலந்த எண்ணெய் கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கலாம். வேப்பெண்ணெயை ஒரு சொட்டுக்கூட வாயில் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு சிவப்பை அப்போதைக்கு அடக்கும். ஆனால் தோலை மெலியச் செய்யும், படர்தாமரை இருந்தால் பரவவும் விடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

4. துணியையும் தூளியையும் மாற்றுங்கள்

துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டித் துணிதான் குழந்தைக்குச் சிறந்த உடை. தூளிக்கும் பழைய பருத்திப் புடவையே வேண்டும். பாலியெஸ்டர் புடவையில் கட்டினால் உள்ளே சூடு தேங்கும். ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் பாய்க்குப் பதில் கோரைப்பாயில் பருத்தித் துணி விரியுங்கள். அரைஞாண் கயிறும் கழுத்துக் கயிறும் ஈரத்தோடு உரசினால் குரு குணமாகும்வரை கழற்றி வையுங்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீடென்றால் கூரைமேல் தென்னங்கீற்று பரப்புங்கள். அறைச் சூடு குறையும்.

5. அரிப்பைத் தணியுங்கள்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தெடுத்து, உலர விடுங்கள். காலமைன் லோஷன் தேவையா என்பதை மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

டயாபரைப் பகலில் முடிந்தவரை தவிருங்கள். கட்டினால் நனைந்ததும் மாற்றி, தண்ணீரால் கழுவி, சற்று நேரம் திறந்து விடுங்கள். மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. உள்ளுக்கு என்ன கொடுப்பது

6 மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. வெயில் என்று தண்ணீரோ இளநீரோ புகட்டாதீர்கள். அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீரும் மோரும் குடிக்கட்டும். 6 மாதத்துக்கு மேல் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுக்கலாம். வளர வளர மோரும், மசித்த இளநுங்கும் சேர்க்கலாம். வேர்க்குருவுக்காகச் சோற்றையோ பருப்பையோ நிறுத்த வேண்டாம்.

7. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

சீழ் வைத்தாலோ, வேனல்கட்டி வந்தாலோ, 3 நாளாகியும் குறையாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காய்ச்சலோடு தடிப்பு வந்தால் அன்றே காட்டுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு இருக்கும் தடிப்பைக் கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் நிறம் மங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். தஞ்சாவூரில் அரசு இராசா மிராசுதார் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு உண்டு. ஆலோசனைக்கு 104.

அம்மை போட்டிருந்தால் புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே மருத்துவரிடமும் காட்டுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்க்குரு தணிந்த பிறகும் வெயில் இறங்கும்வரை இரண்டு வேளைக் குளியலையும் பருத்தித் துணியையும் விடாதீர்கள். தினமும் துணி மாற்றும்போது மடிப்புகளை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சிவப்பு தொடங்கும்போதே கண்டுவிட்டால், காற்றும் தண்ணீருமே பெரும்பாலும் அதை ஆற்றிவிடும்.