நன்றியும் குறையும்

தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. மருமகள் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"பஞ்சாயத்துக்கு மனு எழுதப் போகிறேன், அத்தை" என்றாள்.

மாமியார் தடுத்தார். "வேண்டாம்மா. நான் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தவள். பெரியம்மையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளைப் பார்த்தவள். இன்று வாசலில் குழாய் இருக்கிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்லலாமா?"

யார் சொல்வது சரி?

மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. நம் நாடு 1947-ல் விடுதலை பெற்றது. 1951-ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். 2011-ல் சுமார் 73 பேர். பெரியம்மையை ஒழிக்க ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். 1975-க்குப் பின் இங்கே யாருக்கும் அந்த நோய் வரவில்லை. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் குழாய் யார் பணத்தில் வந்தது? நம் வரிப் பணத்தில் வந்தது. சோப்பு வாங்கும்போதும் நாம் வரி கட்டுகிறோம். நம் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நன்றி மறப்பது ஆகாது.

இராஜஸ்தானில் கோட் கிரானா என்று ஓர் ஊர். 1994-ல் அங்கே மக்கள் கூடினார்கள். அரசு வேலைகளின் கணக்கு உரக்கப் படிக்கப்பட்டது. வேலைக்கே போகாதவர்கள் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது! கேட்டவர்கள் திகைத்தார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்றார்கள். இப்படிப்பட்ட போராட்டங்களின் பலனாக, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று இச்சட்டப்படி கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மருமகள் மனு எழுதினாள். தேதி, தெரு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்பதை எழுதினாள். நகல் ஒன்று வைத்துக்கொண்டாள்.

மாமியார் மனுவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பேனாவை வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது.

"தண்ணீர் வந்ததும் நன்றி என்று ஒரு கடிதம் எழுது. அதிலும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

சிந்தியுங்கள்:
1. உங்கள் ஊருக்குக் கிடைத்த நன்மை ஒன்றைச் சொல்லுங்கள்.
2. தீராத குறை ஒன்றை மனுவாக எழுதுங்கள்.